போர்டிங்கில் பிள்ளையை விட்ட அம்மைகள்

எங்கள் ஆச்சியிடம் பெரியம்மையின் சிறுவயதுப் போட்டோ ஒன்றுகூட இருந்ததில்லை. என் அம்மாவுடையது ஒன்று உண்டு. தக்கலையில் ஒரு ஸ்டூடியோவில் யாரோ சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் எடுத்தது. மூக்கு ஒழுக நிற்கும் நாலு வயசுப் பிள்ளை. அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு ஆணி சும்மா கிடந்தது. அது யாருக்கான ஆணி என்று சின்ன வயதில் நான் கேட்டதில்லை.

1968இல் பெரியம்மைக்கு ஏழு வயது, என் அம்மாவுக்கு மூன்று. அதற்கு முந்தைய வருஷம் பாட்டா பனையிலிருந்து விழுந்து செத்துப்போனார். ஆச்சி அண்டியாபீசுக்கு முந்திரி உடைக்கப் போனாள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் முந்திரித் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு உள்ளங்கை வெந்து கறுத்துப் போகும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். அந்தக் கூலியில் மூன்று வயிறு நிறையவில்லை. யாரோ ஒரு உபதேசியார் வந்து, “மூத்தவளப் போர்டிங்ல விட்டிரு, சோறும் துணியும் படிப்பும் அவங்க பாத்துக்கிடுவாவ” என்றார். ஆச்சி விட்டாள்.

அந்த இல்லத்தின் பெயரையோ சபையின் பெயரையோ எழுதப்போவதில்லை. இது புகார்க் கட்டுரை அல்ல. பெரியம்மை அங்கே நின்று படித்து நர்ஸ் ஆனாள், ஓய்வு பெற்றாள், பென்ஷன் வாங்குகிறாள். வீட்டிலேயே நின்ற என் அம்மா அஞ்சாம் வகுப்போடு அண்டியாபீசுக்குப் போனாள். ஆகவே இருவரில் யார் கைவிடப்பட்டவள் என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் இதுவரை தீர்ப்பு இல்லை. “ஒனக்குப் படிப்பு கெடச்சு” என்பாள் அம்மா. “ஒனக்கு அம்மை கெடச்சால்லா” என்பாள் பெரியம்மை. இந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் ஆச்சி எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள்.

எனக்குக் குடைந்துகொண்டிருந்தது அந்த எழுந்துபோதல்தான். குமரி மாவட்டத்தில் “போர்டிங்கில் நின்று படித்தவர்” என்று யாரையாவது சுட்டிக் காட்டுவது சுலபம். விடுதிகளை நிறுவியவர்களுக்குக் கல்லறையும் நூற்றாண்டு மலரும் உண்டு. நின்று படித்தவர்களில் சிலர் தன்வரலாறு எழுதியிருக்கிறார்கள். கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி நடந்த அம்மைகளும் அப்பன்களும் எந்த மலரிலும் இல்லை. கடந்த சில வருஷங்களாக நான் அவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

*

தேடல் நாகர்கோவிலில், 1819இல் தொடங்குகிறது. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்து மயிலாடியை மையமாக்கி வேலை செய்தார். 1816இல் அவர் கிளம்பிய பிறகு, 1818இல் சார்லஸ் மீட் வந்தார். மிஷனின் தலைமையிடம் நாகர்கோவிலுக்கு மாறியது. மறு வருஷம் மீடின் மனைவி பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். அதே ஆண்டு இறுதியில் மால்ட் தம்பதியர் வந்து சேர்ந்தார்கள். மார்த்தா மால்ட் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். நாகர்கோவில் லேஸ் என்று பிற்பாடு சீமைவரை பெயர் வாங்கிய சரக்கு இந்த விடுதிப் பிள்ளைகளின் விரல்களில் பிறந்ததுதான்.

பெண்பிள்ளையைப் படிக்க வைப்பது என்பது அன்று பெரும்பாலான சாதிகளில் வழக்கமில்லை. அதிலும் ஏழை வீட்டில் ஏழு வயதுப் பெண் என்றால் அவள் ஒரு வேலைக்காரி. தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், சுள்ளி பொறுக்குவாள், அம்மை வயலுக்குப் போனால் உலை வைப்பாள். அவளை விடுதிக்கு அனுப்புவதென்றால் ஒரு ஜோடி கையை இழப்பதென்று பொருள். அதனால்தான் விடுதி சோறும் துணியும் சேர்த்துத் தர வேண்டியிருந்தது. அதற்கான பணம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே ஒரு சபையோ, ஒரு சீமாட்டியோ, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோ சேர்ந்து ஒரு பிள்ளையின் வருஷச் செலவை ஏற்பார்கள். மிஷன் பத்திரிகைகளில் நன்கொடைப் பட்டியல்கள் பக்கம் பக்கமாக வரும். இன்ன ஊரிலிருந்து இன்ன தொகை, இன்ன பெயருள்ள சுதேசிப் பெண்ணுக்காக. அந்தப் ‘இன்ன பெயர்’ பெரும்பாலும் ஒரு வெள்ளைக்காரப் பெயர். கொடுத்தவர்கள் தங்கள் செத்துப்போன மகளின், சகோதரியின், போதகர் மனைவியின் பெயரைச் சூட்டச் சொல்லலாம். அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி அப்படித்தான் எலிசபெத்தோ ஹன்னாவோ ஆனாள்.

பெயர் வைப்பது நமக்குச் சின்ன விஷயமா? குலதெய்வத்தின் பெயர், செத்துப்போன அப்பாத்தாவின் பெயர், எத்தனை நேர்ச்சைக்குப் பிறகு பிறந்தது என்று சொல்லும் பெயர். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த பிள்ளையை அம்மை எந்தப் பெயரால் கூப்பிட்டிருப்பாள்? பழைய பெயரால்தான் என்று நினைக்கிறேன். பெரியம்மைக்கும் இரண்டு பெயர் உண்டு. ஆச்சி ஆஸ்பத்திரி வாசலில் நின்று பழைய பெயரைச் சொல்லிக் கேட்டபோது, “அப்படி ஒரு நர்ஸ் இங்க இல்ல” என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பிய கதையை ஆச்சி சிரித்துக்கொண்டே சொல்வாள்.

இது இங்கே மட்டும் நடந்தது என்று எண்ண வேண்டாம். 1741இல் லண்டனில் தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவரின் முயற்சியில் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கான ஒரு மருத்துவமனை இல்லம் திறந்தது. பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாய் ஒரு அடையாளத்தை விட்டுப் போவாள். பின்னாளில் காலம் நன்றானால் அதைச் சொல்லித் தன் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம். பாதி நாணயம், ஒரு பொத்தான், பெரும்பாலும் தன் பாவாடையிலோ பிள்ளையின் சட்டையிலோ கிழித்த ஒரு துண்டுத் துணி. அப்படிச் சுமார் 5,000 துணித் துண்டுகள் பதிவேடுகளில் குத்தப்பட்டு இன்றும் இருக்கின்றன. பிள்ளைக்கு உள்ளே நுழைந்ததுமே வேறு பெயர். தேடி வந்த தாய்மார் மிகச் சிலர். அந்தத் துணிகளின் படங்களை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஆச்சியின் வீட்டு ஆணி ஞாபகம் வந்தது.

*

நாகர்கோவில் விடுதியின் கதையில் இன்னொரு இடம் இருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அங்கே படித்த பிள்ளைகளில் சிலர் அடிமைகள். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் முழுதாக ஒழிக்கப்பட்டது. அதுவரை புலையர், பறையர் முதலான சாதிகளில் அடிமையாயிருந்த ஒரு பெண் பெற்ற பிள்ளை அவளுடையதல்ல, உடைமைக்காரனின் சொத்து. நிலத்தோடு விற்கலாம், அடகு வைக்கலாம். ஆக அந்த அம்மைக்குத் தன் பிள்ளையை ‘விடுதியில் விடும்’ உரிமைகூடக் கிடையாது. உடைமைக்காரன் மனசு வைத்தால்தான் உண்டு. விடுதிக்குள் வந்த அடிமைப் பிள்ளைகள் லேஸ் பின்னினார்கள். அந்தப் பின்னல் விற்ற காசைச் சேர்த்து, தங்கள் விலையைத் தாங்களே கொடுத்து விடுதலையானார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் தன்னைத்தானே வாங்குகிறாள்.

அவளுடைய அம்மை? மகள் சுதந்திரி, அம்மை அடிமை. 1855 வரை அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். போர்டிங்கில் விடுவதென்றால் பிள்ளையை இழப்பது என்று நாம் பேசுகிறோம். அந்த அம்மைக்கு அது பிள்ளை முதன்முதலாக அவளுடையதாக ஆன தருணமா, அல்லது ஒரு உடைமைக்காரனிடமிருந்து இன்னொரு இடத்துக்கு மாறியதாக மட்டும் பட்டதா? எனக்கு இரண்டும் தோன்றுகிறது. ஒரே நாளில் இரண்டுமே தோன்றியிருக்கலாம்.

துணி விஷயமும் இப்படித்தான். விடுதிப் பெண்கள் மிஷனரி மனைவிமார் வடிவமைத்த குப்பாயம் போட்டார்கள். ஊருக்கு வந்தால் அதே குப்பாயத்தோடு சந்தைக்குப் போனார்கள். 1820களில் கல்குளம், விளவங்கோடு பக்கங்களில் அந்தக் குப்பாயத்தைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள், பள்ளிகளையும் ஜெப வீடுகளையும் கொளுத்தினார்கள். தோள்சீலைக் கலகம் என்று பாடப் புத்தகம் சொல்வது இதைத்தான். 1858–59இல் மறுபடி வெடித்து, 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜாவின் விளம்பரத்துக்குப் பிறகே ஓய்ந்தது. அந்தக் கலகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் குப்பாயம் போட்ட மகளை எழுதுகிறார்கள், அது சரிதான். போடாத அம்மை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சந்தைக்குப் போன மகள் முழுத் துணியோடு திரும்புவாளா என்று வழி பார்த்திருப்பாள். பிள்ளையை அனுப்பியது தப்போ என்று அவள் தன்னைத்தானே எத்தனை தரம் கேட்டிருப்பாள்!

கல்யாணமும் கைவிட்டுப் போயிற்று. விடுதியில் வளர்ந்த பெண் பெரும்பாலும் ஒரு உபதேசிக்கோ வாத்தியாருக்கோ கட்டிக்கொடுக்கப்பட்டாள். சம்பந்தம் பேசும் இடத்தில் துரைசாணி அம்மா உட்கார்ந்திருந்தார். மாமன் முறையும் சீரும் பேசி முடிக்கும் பெற்றோரின் அதிகாரம், இருந்த ஒரே அதிகாரம், அங்கே செல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்கள்தான் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் தலைமுறை அம்மைகளானார்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இந்த மாவட்டத்தின் எழுத்தறிவுப் பெருமையை இன்று பேசுகிறவர்கள் அதற்குக் கொடுத்த விலையில் ஒரு பங்கை யார் கட்டினார்கள் என்றும் சேர்த்துப் பேசலாம்.

*

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருநெல்வேலிச் சீமை. அங்கே தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) அநாதை இல்லங்கள் பெருகின. பஞ்சத்தில் பெற்றவர்கள் மிஷன் வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தார்கள். நான் நிற்க விரும்புவது அதற்குச் சற்றுப் பிந்தைய டோனாவூரில்.

ஏமி கார்மைக்கேல் என்ற அயர்லாந்துப் பெண் அங்கே கோயிலுக்கு நேர்ந்துவிடப்படும் சிறுமிகளுக்கென்று ஓர் இல்லம் வளர்த்தார். 1901 மார்ச்சில் அவரிடம் முதலில் வந்து சேர்ந்தவள் ஏழு வயதுப் பிள்ளை. அவள் அதற்கு முன்பே ஒரு தரம் கோயில் வீட்டிலிருந்து தப்பித் தூத்துக்குடிக்குத் தன் அம்மையிடம் ஓடியிருக்கிறாள். பின்தொடர்ந்து வந்த கோயில் பெண்களிடம் அம்மை அவளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தண்டனையாகப் பிள்ளையின் கையில் சூடு போட்டார்கள். இந்தக் கதையை உலகமெங்கும் கிறிஸ்தவ வீடுகளில் படித்திருக்கிறார்கள். படித்தவர்கள் எல்லோரும் அந்த அம்மையின் மேல் கோபப்பட்டிருப்பார்கள். நானும் பட்டேன். பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அந்தக் கைகளைப் பிரித்தெடுத்த கை அவளுடையது. நேர்ந்துவிட்ட பிள்ளையை வைத்துக்கொண்டால் சாமி குற்றம் என்று நம்பினாளா, கடன் இருந்ததா, பயமா? அவள் அதற்குப் பிறகும் பல வருஷம் வாழ்ந்திருக்கலாம். கதை அவளை அந்த வாசலிலேயே விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

பத்து வருஷம் கழித்து அதே டோனாவூரில் ஒரு தாய் நீதிமன்றத்துக்கே போனாள். முத்தம்மாள் என்ற பெண், அவள் பெயரில் சொத்து இருந்தது, சொந்தக்காரர்களுக்குள் இழுபறி. பிள்ளை இல்லத்தில் அடைக்கலம் புகுந்துவிட்டாள். வழக்கில் தாய் ஜெயித்தாள். பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், செலவையும் ஏமி கட்ட வேண்டும் என்று ஆயிற்று. ஆனால் அதற்குள் அந்தப் பெண் ஆண் வேடத்தில் காணாமற்போய்விட்டாள். இலங்கை வழியாகச் சீனம்வரை கொண்டுபோய் ஒளித்து வைத்தார்கள். வருஷங்கள் கழித்துத் திரும்பி வந்து, டோனாவூரில் வளர்ந்த ஒருவரையே மணந்துகொண்டாள். அவள் நன்றாக வாழ்ந்தாள், சந்தோஷம். சொத்துக்காகவே தாய் வந்தாள் என்று இல்லத்தார் எழுதியதும் உண்மையாகவே இருக்கலாம். என்றாலும் எங்கள் மண்ணில் ஒரு தாய் கோர்ட்டில் பிள்ளையை ஜெயித்து, பிள்ளையைப் பெறாமலே வீடு திரும்பியிருக்கிறாள். சட்டம் கொடுத்த பிள்ளையை மனசாட்சி என்ற பெயரில் இன்னொருவர் எடுத்துக்கொண்டார். இரண்டில் எது சரி என்று என்னிடம் கேட்டால் பிள்ளையின் பக்கம்தான் நிற்பேன். ஆனால் அந்த அம்மையைக் கெட்டவள் என்று ஒற்றைச் சொல்லில் முடிக்க என்னால் ஆகவில்லை.

*

1956 நவம்பர் 1ஆம் தேதி குமரி தமிழகத்தோடு சேர்ந்தது. அரசுப் பள்ளிகள் பெருகின, காமராஜரின் மதிய உணவு வந்தது. போர்டிங்குகள் குறைந்திருக்க வேண்டுமே? குறையவில்லை. போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் கையில் காசும் மனசில் குற்றவுணர்வும் சேர்ந்திருந்தன. 1959இல் ஜெர்மனியில் கிண்டர்நோத்ஹில்ஃபே என்ற அமைப்பு இந்தியப் பிள்ளைகளுக்கு உதவவென்றே தொடங்கப்பட்டது. ஒரு குடும்பம் ஒரு பிள்ளைக்கு மாதா மாதம் பணம் கொடுக்கும். இதே ஏற்பாட்டைப் பல நாடுகளில் பல அமைப்புகள் செய்தன. 1820களின் நன்கொடைப் பட்டியல் இப்போது போட்டோவும் கடிதமுமாக மாறியது. பணம் கட்டுகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு போட்டோ, பிள்ளை கைப்பட ஒரு கடிதம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கோணல் உண்டு. பணம் பிள்ளைக்கு என்று வருகிறது, ஆனால் பிள்ளை இல்லத்தில் இருந்தால்தான் வருகிறது. அதே தொகையில் பாதியை ஆச்சியின் கையில் கொடுத்திருந்தால் பெரியம்மை வீட்டிலிருந்தே அரைமணி நடந்து பள்ளிக்குப் போயிருப்பாள். அன்று யாருக்கும் அது தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். தோன்றியிருந்தாலும், அண்டியாபீஸில் முந்திரி உடைக்கும் விதவையின் மேல் பரிதாபப்பட்டு மாதா மாதம் பணம் அனுப்ப ஆள் கிடைத்திருக்காது. அநாதைப் பிள்ளை என்றால்தான் கண்ணீர் வரும். அதனால் பிள்ளை அநாதை ஆக வேண்டியிருந்தது. பெரியம்மையின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர்’ என்ற இடத்தில் இல்லத்தின் மேலாளர் பெயர்தான் இருக்கிறது. கைநாட்டு வைத்த தாளில் என்ன எழுதியிருந்தது என்று ஆச்சிக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை.

மாதத்தின் கடைசி ஞாயிறு பார்க்கப் போகலாம். ஆச்சி முந்திரிக்கொத்தும் அவித்த மரச்சீனியும் கட்டிக்கொண்டு போவாள். முதல் சில மாதம் தவறாமல் போனாள், அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம், அப்புறம் கிறிஸ்துமசுக்கும் கோடை விடுமுறைக்கும் என்று ஆயிற்று. பெரியம்மைக்கு இதுதான் ஆறாத காயம். “போகப்போக அம்மைக்கு நான் வேண்டாதவளாயிட்டேன்” என்பாள். ஆச்சி செத்துப்போவதற்கு இரண்டு வருஷம் முன்பு, பெரியம்மை இல்லாத நேரம் பார்த்து நான் கேட்டேன்.

“நான் போனா அவ அழுவா மக்களே. நான் வந்த பெறவு ரெண்டு நாளைக்கிச் சோறு திங்க மாட்டாளாம். வார்டன் அம்மா சொன்னாவ, நீ வராம இருந்தாத்தான் பிள்ள பழகும்னு. எனக்க பிள்ள பட்டினி கெடக்கப்பிடாதுன்னுதானே அங்க கொண்டு விட்டேன். நான் போயி அவளப் பட்டினி போடவா?”

வார்டன் கெட்ட மனசோடு சொல்லியிருக்க மாட்டார். அன்று உலகமே அப்படித்தான் நம்பியது. இங்கிலாந்தின் மருத்துவமனைகளில்கூடச் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோரை அநேகமாக விடமாட்டார்கள், வந்தால் அழுது ரகளை செய்யும் என்பதால். 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் மருத்துவமனையில் எட்டு நாள் விடப்பட்ட இரண்டு வயதுப் பிள்ளையைப் படம் பிடித்துக் காட்டினார். அழாமல் ‘பழகிவிட்ட’ பிள்ளை உண்மையில் உள்ளுக்குள் என்ன ஆகிறது என்று அந்தப் படம் கேட்டது. அதற்கு முந்தைய வருஷம் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை, தாயைப் பிரிந்த பிள்ளையின் மனநலம் பற்றிய முக்கியமான ஆவணம். பார்வை நேரங்களை மாற்றிய பெரிய வேலைகள் இவை. அவற்றிலும் கேமரா பிள்ளையின் கட்டில் பக்கம்தான் இருக்கிறது. கதவுக்கு வெளியே போன தாய் பஸ்ஸில் என்ன செய்தாள் என்று படம் காட்டாது.

ஆச்சி சொன்னாள்: “முத நா விட்டுட்டு வந்தப்ப திரும்பியே பாக்கல்ல. பாத்தாக் கூட்டிட்டு வந்திருவேம்லா.”

*

2004 டிசம்பர் 26. நான் பதினொன்றாம் வகுப்பு. குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி என்று கடற்கரை ஊர் ஊராக அலை எடுத்துக்கொண்டது. குமரி மாவட்டத்தில் மட்டும் 800 பேருக்கு மேல் செத்தார்கள். மணக்குடிப் பாலம் பிய்ந்து போனது. அலை வந்த நேரத்தில் வீட்டில் இருந்த பெண்களும் பிள்ளைகளும் அதிகம் போனார்கள். மனைவியை இழந்து கைப்பிள்ளைகளோடு நிற்கும் ஆண்கள் என்று ஒரு புதிய கூட்டம் உருவானது.

தாயும் தகப்பனும் போன பிள்ளைகளுக்காக நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் அரசே இல்லங்களைத் திறந்தது. யார் வேண்டுமானாலும் வந்து பிள்ளையைத் தூக்கிப்போவதைத் தடுத்தது. நல்ல காரியம். ஆனால் ஒருவர் மட்டும் போன வீடுகளின் கதை வேறு. என் வகுப்பில் படித்தவனின் அண்ணன் ஒருவர், விடிகாலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவர். இரண்டு பெண்பிள்ளைகளை யாரிடம் விட்டுப் போவார்? சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே தெரு, அந்தத் தெருவே இல்லை. அவர் ஒரு விடுதியில் விட்டார். மறுகல்யாணம் ஆனது. பிள்ளைகள் விடுமுறைக்கு வருவதும் குறைந்தது. “சித்திக்காரி வெரட்டிட்டா” என்று ஊர் சொன்னது. பத்து வருஷம் கழித்து அவரைப் பார்த்தபோது, “பிள்ளைய எப்பிடி இருக்கு?” என்று கேட்டேன். “நல்லாப் படிக்கிதுவ” என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கக் குனிந்துகொண்டார். எனக்கு ஆச்சி அடுக்களைக்குள் போவது ஞாபகம் வந்தது.

அதே அலை அடித்த ஆச்சே பகுதியில் இல்லங்களை ஆராய்ந்தவர்கள், அங்கே சேர்க்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோரைக் குடும்பத்தாரே, முக்கியமாகப் படிப்புக்காகக் கொண்டுவந்து விட்டிருந்ததைக் கண்டார்கள். உலகம் முழுக்க இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதாக ‘சேவ் த சில்ட்ரன்’ 2009இல் எழுதியது. அநாதை இல்லம் என்ற பலகையின் கீழே நிற்பது ஏழைகளின் பிள்ளைகள்.

இந்தியச் சட்டம் இதை மெல்லத்தான் ஒப்புக்கொண்டது. 2007இல் மாமல்லபுரம் பக்கத்து இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்பட்டதாக வந்த பத்திரிகைச் செய்தியிலிருந்து தொடங்கிய வழக்கு, தமிழ்நாட்டின் பெயரையே தலைப்பில் சுமந்துகொண்டு பத்து வருஷம் உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. 2017 மே 5இல் தீர்ப்பு வந்தது. எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்றது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. பெற்றவர் பிள்ளையை ஒப்படைக்க வந்தால் குழந்தைகள் நலக் குழு அவரோடு பேச வேண்டும், மனம் மாறி யோசிக்க இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இரண்டு மாதம்! ஆச்சிக்கு அன்று கிடைத்தது பஸ் வருகிறவரைக்கும்.

பிறகு கொரோனா வந்தது. இல்லங்களை மூடிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாடு முழுக்க இல்லங்களில் இருந்த 2,27,518 பிள்ளைகளில் 1,45,788 பேர் குடும்பங்களோடு சேர்க்கப்பட்டதாக 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அப்படிப் போன பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. இப்போது ‘மிஷன் வாத்சல்யா’வில் வீட்டிலிருந்தே படிக்கும் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. எத்தனை அம்மைகளுக்கு இது தெரியும், எத்தனை பேர் விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் நிற்கிறார்கள் என்பது வேறு கதை.

டிவியில் அந்தச் செய்தி ஓடியபோது பெரியம்மை எங்கள் வீட்டில் இருந்தாள். “வீட்டுக்குப் போறதுக்கு வீடு இருந்திருக்கு பாத்தியா, இத்தன பேருக்கு” என்றாள். என் அம்மா பதில் பேசவில்லை. அன்றைக்கு இருவரும் வழக்கமான சண்டையைப் போடவில்லை.

*

2003இல், சுனாமிக்கு முந்தைய வருஷம், பெரியம்மைக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. இல்லத்து முகவரிக்குப் போய், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய், சுற்றி வந்து சேர்ந்தது. அவளுக்குப் பணம் கட்டிய அம்மாள் இறந்துவிட்டார். அவருடைய மகள் அலமாரியை ஒழிக்கும்போது கிடைத்தவற்றை அனுப்பியிருந்தாள். 1968 முதல் 1976 வரை, வருஷத்துக்கு ஒன்றாக ஒன்பது போட்டோ. கூடவே பெரியம்மை எழுதிய கடிதங்கள், ‘அன்புள்ள அம்மாவுக்கு’ என்று தொடங்குபவை. முதல் கடிதத்தை எழுதும்போது அது தன் அம்மைக்குப் போகும் என்று நினைத்ததாகப் பெரியம்மை சொன்னாள். பாதியில் டீச்சர் திருத்தினார்களாம்.

ஆச்சி கடிதங்களைத் தொடவில்லை. படிக்கத் தெரியாது. போட்டோக்களைத் தரையில் பரப்பினாள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். “இந்தக் கவுனு நான் பாக்கவே இல்லியே” என்றாள். “இதுல பல்லு விழுந்திருக்கு.” பிறகு பிள்ளை வளர்ந்த வரிசைப்படி இடமிருந்து வலமாக அடுக்கத் தொடங்கினாள். நெடுநேரம் ஆனது. இரண்டு போட்டோக்களைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தாள். கடைசியில் வைத்துவிட்டு, சரிதானே என்பதுபோலப் பெரியம்மையின் முகத்தைப் பார்த்தாள்.

போட்டோவின் பின்னால் வருஷம் எழுதியிருந்தது. எனக்குத் தெரியும், பார்சலைப் பிரித்தவன் நான்தான். நாலாவதும் அஞ்சாவதும் இடம் மாறிக் கிடந்தன. பெரியம்மையும் அதைப் பார்த்தாள். “சரிதாம்மா” என்று சொல்லி, அதே வரிசையில் அவற்றை எடுத்து ஆச்சியின் மடியில் வைத்தாள்.